நான்கு கால் சக்களத்தி

அவளுடைய சக்களத்திக்கு நான்கு கால். முன்னங்கால்கள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. அதனால் லாயத்தில் எல்லோரும் அந்தக் குதிரையை வெள்ளைக்காலி என்றார்கள். வீட்டில் அவள் வைத்த பெயர் வேறு. புருஷன் காலையில் சட்டையை மாட்டும்போதே, "என்ன, சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள்.

எதிர்வீட்டு அக்கா இதை முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, இவ்வளவு சாதாரணமா சொல்றியே! யாருடி அவ?"

"குதிரைதான்க்கா."

"குதிரையா? போடி, எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு."

"பொம்பளையா இருந்தா முடியைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன். இதோட பிடரியைப் பிடிச்சா அது என்னைத்தான் உதைக்கும்."

அக்கா சிரித்தாள். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. பொறாமையில் ஒரு வேடிக்கை உண்டு. யார்மேல் பொறாமைப்படுகிறோமோ, அந்த ஆளுக்கு நாம் இருப்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை. வயிறு எரிவது இங்கே. அங்கே வெள்ளைக்காலி நிம்மதியாகப் புல்லை மென்றுகொண்டிருக்கும்.

கல்யாணமான புதிதில் அவள் புருஷனுக்கு லாயத்து வேலையும் புதிது. குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. குதிரைகளைத் தேய்த்து, கழுவி, சேணம் மாட்டி, சவாரிக்கு முன்னும் பின்னும் காலில் துணி சுற்றிவிடுவது அவர் வேலை. சுற்றுவது என்றால் புண்ணுக்குக் கட்டுவதுபோல் அல்ல. ஓடும்போது ஒரு கால் இன்னொரு காலில் இடிக்காமலிருக்க மெல்லிய, இழுபடும் பட்டை ஒன்று. ஓடி முடித்துக் கொட்டடியில் நிற்கும்போது கால் வீங்காமலிருக்க, பேடு எனப்படும் தடித்த பஞ்சுத் திண்டை வைத்து அதன்மேல் அகலமான பட்டை. இறுக்கினால் ரத்தம் ஓடாது. தளர்ந்தால் நழுவிக் குதிரை தடுக்கி விழும். ஒரு சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் நரம்பு புடைத்துக்கொள்ளும். இத்தனையும் ஆரம்பத்தில் அவருக்குக் கைவரவில்லை. லாயத்தில் திட்டு வாங்கி வீட்டுக்கு வருவார். வந்ததும் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிப் பழகுவார்.

"முன்பக்கத்துலேருந்து வெளியே, வெளியேயிருந்து பின்னாடி. முடிச்சு பின் நரம்புமேல வரக் கூடாது, பக்கவாட்டுல வரணும். இறுக்குதா? விரல் போகுதா பாரு."

"கூசுது."

"குதிரைக்குக் கூசாது. ஆடாம இருடி."

சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். அவள் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொண்டதில் தவறும் இல்லை. பாதி கொஞ்சல்தான். ஆனால் கை பழகி முடிந்ததும் அவருக்கு அவள் கால் தேவைப்படவில்லை. ஒரு நாள் அவளே ஸ்டூலில் போய் உட்கார்ந்து கொலுசை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தாள். அவர், "இப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டே கட்டுவேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவள் எழுந்து ஸ்டூலை மூலையில் நகர்த்தினாள். சண்டை என்று ஒன்று அன்று நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

அப்புறம் வெள்ளைக்காலி வந்தது. மற்ற யாரையும் காலைத் தொடவிடாது. இவர் குந்தி உட்கார்ந்தால் மட்டும் சிலைபோல் நிற்கும். போதாதா? சாப்பிடும்போது அந்தப் பேச்சு, படுக்கப்போகும்போது அந்தப் பேச்சு. லாயத்து வாஷிங் மெஷினில் போட்டால் பேடு கட்டிதட்டிப்போகிறது என்று பட்டைகளை வீட்டுக்கே கொண்டுவந்தார். வாராவாரம் அவற்றை மஞ்சள் சோப்புப் போட்டுத் துவைத்து, பேடில் குத்திக்கொண்டிருக்கும் வைக்கோல் துரும்புகளை ஊக்கால் நெம்பி எடுத்து, காயவைத்து, ஒட்டுகிற நுனி உள்ளே போகும்படி இறுக்கமாகச் சுருட்டித் தருவது அவள் பங்கு. சக்களத்தியின் துணியைத் துவைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லுவாள்.

அவளுக்குத் துணி ஆலையில் செக்கிங் மேஜையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டைகளில் பிசிறு பார்க்க வேண்டும். வருஷங்கள் போகப்போகக் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு எழும்பின. மாலையில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறைய வெகு நேரமாகும்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: "பாவம், கொட்டடியிலயே நிக்குது இல்ல, கால்ல நீர் கோத்துக்குது. வாயில்லாத ஜீவன், வலிக்குதுன்னு சொல்லவும் தெரியாது."

"வாயிருக்கிற ஜீவன் ஒண்ணும் இங்க நின்னுக்கிட்டுதான் இருக்கு."

"உனக்கென்ன? சுடுதண்ணியில காலை வெச்சா சரியாப்போயிடும்."

அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் அடுத்த வீடுவரை கேட்டது.

கடைசியில் டாக்டரிடம் போகத் தீர்மானமானது. சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு பேரும் சேர்ந்து. அவர் வாக்குக் கொடுத்தார், லாயத்திலிருந்து நேராக வந்துவிடுவதாக. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவள் முறை வந்தது. பையை எடுத்துக்கொண்டு தனியே உள்ளே போனாள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் உறை ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார். "விட்டா நரம்பு வெடிச்சுப் புண்ணாயிடும்மா. தினமும் காலையில எழுந்ததும் போடணும். சுருக்கமே இருக்கக் கூடாது. ஒருத்தரே மாட்டிக்கறது கஷ்டம். வீட்டுக்காரர் வரலையா?"

"அவருக்கு வேற பேஷண்ட் இருக்காங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலிலேயே முந்திக்கொண்டார். "கோவிச்சுக்காத. கிளம்பற நேரம், இடது முன்னங்கால் சூடா இருந்துச்சு. ஈரத்துணி வெச்சுக் கட்டிட்டுத்தான் வர முடிஞ்சுது."

"யாருக்கு இடது முன்னங்கால்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டது காதில் விழாததுபோல் உறைப் பெட்டியை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளினாள்.

மறுநாள் ஞாயிறு. ஆலைக்கு விடுமுறை. விடிந்ததும் காய்ந்த பட்டைகளைச் சுருட்ட உட்கார்ந்தாள். ஒரு பேடின் தையலுக்குள் வைக்கோல் துரும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, முள்போல் விறைத்து. ஊக்கை எடுத்தாள். அப்படியே வைத்துவிட்டாள். துரும்பை உள்ளே வைத்தே பேடைச் சுருட்டி, மற்றவற்றோடு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஒரு சுருளை அமுக்கிப் பார்த்தார். "நல்லா இறுக்கமா இருக்கு" என்றார். அவளைப் புகழ்ந்து அவர் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் இதுதான்.

அவர் போனதும் வீடு கழுவினாள், வெங்காயம் உரித்தாள். எதிலும் மனது ஒட்டவில்லை. சரி, நமக்கு நாமேதான் என்று அந்தப் பெட்டியை எடுத்து உறையை மாட்டிப் பார்த்தாள். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. ஒருவழியாக ஒரு காலில் ஏறியது. ஆனால் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மடிப்பு. முதலில் அது தெரியவே இல்லை. அடுப்பு வேலை முடிவதற்குள் அந்த மடிப்பு கயிறுபோல் அறுத்தது. உரித்துப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. தொட்டால் எரிந்தது.

வெறும் மடிப்புக்கே இப்படி. அங்கே துரும்பு. அதன்மேல் பேடு, அதன்மேல் அவர் இறுக்கம்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

லாயத்துக் காவல்காரர் அவளை அறிவார். மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவள் உள்ளே வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அவரு தீவனம் இறக்கப் போயிருக்காரும்மா. கூப்பிடட்டுமா?"

"வேணாம். வெள்ளைக்காலி எங்க இருக்கு?"

"அட, சண்டை போடவா வந்தீங்க?" என்று சிரித்தபடி கடைசிக் கொட்டடியைக் காட்டினார். "பாத்து. அவரைத் தவிர யாரையும் கிட்ட விடாது."

சக்களத்தியை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இவ்வளவு அழகாக இருக்கும் என்றும் நினைக்கவில்லை. அதுதான் கூடுதலாக எரிச்சலூட்டியது. நான்கு காலிலும் கட்டு. இடது முன்னங்காலைத் தரையில் சரியாக ஊன்றாமல் நுனியில் வைத்துக்கொண்டிருந்தது.

"நான்தான்டி" என்றாள், ஏன் சொன்னோம் என்று தெரியாமல்.

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள். குதிரையின் காதுகள் பின்னால் படிந்தன. அவள் அப்படியே நின்று கையை நீட்டினாள். அது மூக்கை நீட்டி அவள் உள்ளங்கையை மோந்தது, மணிக்கட்டை மோந்தது. வாராவாரம் தன் கால்களில் சுற்றி வரும் அதே மஞ்சள் சோப்பு வாசனை. காதுகள் மெல்ல நிமிர்ந்தன.

அவள் குந்தி உட்கார்ந்தாள். ஒட்டுப்பட்டையைப் பிரித்தாள், கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றை அவிழ்த்தாள், பேடை எடுத்தாள். துரும்பு அங்கேதான் இருந்தது. வெள்ளை முடிக்கு நடுவே சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. அதைச் சுற்றிக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். தோல் சூடாக இருந்தது. தன் காலின் சூடு அவளுக்குத் தெரியும். இதுவும் அதே சூடுதான். துரும்பைப் பிடுங்கிவிட்டுப் பேடை வைத்தாள். முன்பக்கத்திலிருந்து வெளியே, வெளியேயிருந்து பின்னாடி. கை தானாகச் சுற்றியது. முன்பு அவள் கால் கற்றுக்கொண்டது கைக்கும் வந்திருந்தது. கடைசிச் சுற்றின்போது அவள் தோள்மேல் கனமாக ஏதோ இறங்கியது. வெள்ளைக்காலி தாடையை அவள்மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ற இங்க?"

கதவருகே அவர் நின்றார். தலையெல்லாம் தவிட்டுத் தூசு.

அவள் துரும்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "பேடுல இருந்துச்சு. காலையில பாத்தேன். பாத்துட்டேதான் விட்டேன்."

அவர் முகம் கறுத்தது. "பாத்துட்டேவா? வாயில்லாத ஜீவன்டி அது!"

"ஆமா. அதுக்கு வாயில்ல, நான் ஓடி வந்தேன். எனக்கு வாயிருக்கு. நேத்து வராந்தாவுல ஒத்தையில உட்கார்ந்திருந்தேன், யாரு ஓடி வந்தா?" புடவையை முழங்கால்வரை தூக்கினாள். "டாக்டரு வெடிச்சுப் புண்ணாயிடும்ங்கறாரு. நீங்க சுடுதண்ணிங்கறீங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார். நீலமாகப் புடைத்த நரம்பையும், முழங்காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த சிவப்புக் கோட்டையும் பார்த்தார். பிறகு அவர் பார்வை மேலே போயிற்று, அவள் தோளில் சாய்ந்திருந்த குதிரைத் தலைக்கு. அங்கேயே நின்றுவிட்டது.

"என் தோள்ல அது இப்படிச் சாஞ்சதே இல்ல" என்றார்.

"அப்படியா?"

"சோப்பு வாசனைக்குச் சாயுது. உனக்காக இல்ல."

"இருக்கட்டுமே."

அவர் குந்தி அவள் கட்டிய கட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தார். மேலே, கீழே, பக்கவாட்டில். குறை எதுவும் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கொஞ்சம் தளர்வா இருக்கு" என்று சொல்லி முழுக்க அவிழ்த்து, தானே முதலிலிருந்து சுற்றினார்.

அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட கட்டு தளர்வாக இல்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த முகத்தைத் தான் எத்தனையோ நாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்குப் பாவமாக இல்லை. நிறைவாக இருந்தது என்று சொன்னால் அவள் நல்லவள் இல்லை என்று ஆகிவிடும், ஆகட்டும்.

இப்போதெல்லாம் காலையில் அவர் வேலைக்குப் போகுமுன் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து உறையை மாட்டிவிடுகிறார். சுருக்கத்தை நீவிவிட்டு, விரல் விட்டுப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டைப் பையை அவர் கையில் கொடுப்பதை அவள் நிறுத்திவிட்டாள். தானே கொண்டுபோகிறாள்.

"உனக்கு அங்க என்ன வேலை? நான் எடுத்துட்டுப் போகமாட்டேனா?" என்கிறார் அவர், ஒவ்வொரு வாரமும்.

"அவ தேடுவா" என்று சொல்லிவிட்டு, கைகளை மறுபடியும் அதே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்புகிறாள்.