நலங்கு எண்ணெய்

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை, மாலை நாலேகால் மணி. தோட்டத்து வீட்டின் கூடத்தில் அண்ணனை மனையில் உட்காரவைத்து, அத்தை நலங்குக் கிண்ணத்தில் அருகம்புல்லைத் தோய்த்தெடுத்து அவர் உச்சியில் வைத்தார். நல்லெண்ணெயின் மணம் எழவில்லை. நறுக்கிய புல்லும் மிளகும் சேர்ந்தாற்போல் வேறொரு வாசனை எழுந்தது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிண்ணத்தில் இருந்தது கஞ்சா எண்ணெய் என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அண்ணன் தேயிலை லோரி ஓட்டுபவர். முந்தைய மழைக்காலத்தில், மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையின் ஒரு வளைவில், அவர் வண்டிக்குச் சற்று முன்னால் மண் சரிந்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பின் கூட்டத்தையும் பெருஞ்சத்தத்தையும் கண்டால் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். உறுமி மேளம் முழங்கும் மணவறையை நினைத்தே அவர் பாதியாய் இளைத்திருந்தார். மணப்பெண் ரிங்லெட் ஊர்க்காரர்; தானா ராத்தாவில் ஒரு கிளினிக்கில் தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி. இது தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று அண்ணன் உறுதியாக நம்பினார். தானா ராத்தாவில் எந்த டாக்டரிடம் போனாலும் செய்தி அவர் காதுக்குப் போய்விடும் என்று வைத்தியமும் பார்க்கவில்லை. மாறாக, எல்லை தாண்டி ஹாட்யாய் போய்வந்த இன்னொரு டிரைவரிடமிருந்து அந்தச் சிறிய குப்பியை வாங்கி வைத்திருந்தார். அங்கே அப்போது கடைகளில் வெளிப்படையாக விற்றார்கள்; இங்கே கையில் இருந்தாலே சிறை. மணவறை ஏறுமுன் நாக்கடியில் சில சொட்டு விட்டுக்கொள்வது அவர் திட்டம். நான் எவ்வளவோ மன்றாடியும் குப்பி கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது.

அங்கேதான் அத்தை அதைக் கண்டெடுத்திருக்கிறார். “பச்சை இலை படம் போட்டிருக்கு, நல்ல மூலிகை எண்ணெய்தான் லா,” என்று சொல்லி முழுவதையும் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டார். சபை நடுவில் நாங்கள் வாயைத் திறக்க முடியுமா? பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தாராளமாக வைத்தார்கள். பெரியம்மா முழங்கால் வலிக்கென்று கொஞ்சம் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார்.

நலங்கு முடிந்ததும் அண்ணன் குளியலறைக்கு ஓடினார். தலை சுற்றுகிறது, நரம்பெல்லாம் இழுக்கிறது என்றார். முகம் வெளுத்திருந்தது. யாரிடமும் எளிதில் பேசிவிடாத நான், அவர் தடுக்கத் தடுக்க, மணப்பெண்ணுக்கே போன் செய்து, அண்ணனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, அவர் பயத்தையும் கஞ்சா எண்ணெயையும் பற்றிச் சொன்னேன்.

“எவ்வளவு குடிச்சாரு?” என்றுதான் முதலில் கேட்டார்.

“குடிக்கல அண்ணி. அத்தை தலையில வச்சுட்டாங்க.”

அன்றுதான் அவரை முதன்முறையாக அண்ணி என்றேன். மறுமுனையிலிருந்து வந்தது சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு.

“தலையில வச்சா முடிகூட மயங்காது லா. இப்ப அடிக்கிறது உங்க பயந்தான், எண்ணெய் இல்ல. மூச்ச மெதுவா, நீளமா வெளிய விடுங்க.”

அண்ணன் விட்டார். அவர் தணியும் வரை அண்ணி பேசிக்கொண்டே இருந்தார். நரம்புகள் ஒன்றையொன்று அளவுமீறித் தூண்டாதிருக்க நம் உடலே ஒரு பொருளைச் சுரக்கிறதாம். கஞ்சாவில் உள்ளவை அந்த ஏற்பாட்டுக்குள்தான் கைவைக்கின்றன. அவற்றில் ஒன்று பதற்றத்தைத் தணிக்கக்கூடும் என்று ஆராய்கிறார்கள். இன்னொன்று அளவு கூடினால் அதே பதற்றத்தைக் கிளறிவிடும். எது எவ்வளவு என்று தெரியாத குப்பியை நாக்கில் விட்டிருந்தால், அவர் மணவறையைவிட்டு ஓடியிருக்கவும் கூடும்.

“பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா வேணாம்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்,” என்றார் அண்ணன்.

“பயப்படுறவங்கள வேணாம்னா நான் எப்படி மிஸ்ஸி வேலை பாக்குறது? அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறோம், நானும் வர்றேன். இப்ப நல்லா சீயக்கா போட்டுக் குளிங்க. எங்க மாமா போலீஸ்காரரு. நாளைக்கு உங்க பக்கத்துலதான் நிப்பாரு.”

குளியலறைக்குள் அண்ணன் சிரித்தது, பல மாதங்களுக்குப் பின் நான் கேட்ட சிரிப்பு. இலக்கியம் படிக்கும் எனக்கு அச்சத்தைக் குறிக்கப் பல சொற்கள் தெரியும்; அவற்றில் ஒன்றைக்கூட அண்ணனிடம் உரக்கச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அண்ணியோ அதைச் சளி, காய்ச்சலைப் போலப் பேசினார். இன்று அண்ணன் ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறார், லோரியும் ஓட்டுகிறார். படபடப்பு முற்றிலும் போய்விடவில்லை. வரும் நாளில் மறைக்காமல் சொல்கிறார். அண்ணியும் அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

நலங்குக்கு மறுநாள் காலை கெட்டிமேளம் முழங்கியது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டார். பிறகு விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. குனிந்த தலை நிமிராமல், எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்படி, அண்ணி மூச்சை நீளமாக வெளியே விட்டார். அண்ணனும் விட்டார். ஆனாலும் விரல்கள் அசையவில்லை. மூன்றாம் முடிச்சு நாத்தனாரான எனக்கு உரியது என்பதால் நான் அவர்களை ஒட்டி நின்றிருந்தேன். அட்சதை மழையில் யார் கண்ணிலும் படாமல் அண்ணனின் விரல்களுக்கடியில் என் கையை நுழைத்து, இரண்டாம் முடிச்சையும் நானே போட்டேன்.