அழுத்தக்காரிக்குப் போட்ட மார்க்கு

எனக்கு நண்டு கம்பெனியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்க வேண்டும். கையுறை போட்டால் உள்ளே வேர்க்கும். இரண்டு கையிலும் எனக்குக் கரப்பான் புண். கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்தது. காயும், வெடிக்கும், நீர் வடியும். மறுபடி காயும். அதோடுதான் வேலை பார்த்தேன்.

போன வருஷம் புது சூப்பர்வைசர் வந்தார். நான் கையுறையைக் கழற்றும்போது பார்த்துவிட்டார்.

"யக்கா, இது தொத்துற வியாதியா?"

"இல்ல தம்பி."

"நீங்க சொன்னா ஆகாது. வெளிநாட்டுக்குப் போற சாமான். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் டேபிள் பக்கம் வராதீங்க."

அந்தச் சீட்டுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு அந்த வேலை வேண்டும். நண்டு டேபிளில் யாருக்கும் யாரையும் ஏச நேரம் கிடையாது. வீட்டில் மாமியாருக்கு நேரம் உண்டு.

தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். தொத்தாது, எழுதித் தருகிறேன் என்றார். அதற்கு முன் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார். ரொம்ப நாள் கரப்பான் உள்ளவர்களுக்கு மன அழுத்தம் எவ்வளவு என்று அளக்கிறார்களாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தியம் சொல்வாராம்.

அங்கே மேல்படிப்பு படிக்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். நான் கையை நீட்டினேன்.

"பிரஷர் பார்க்கலம்மா. கேள்வி மட்டும்தான். உங்களுக்கு மன அழுத்தம் அடிக்கடி இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அழுத்தம் என்றால் ஒன்றுதான். மாமியார் ஏசுவார். நான் வாய் திறக்க மாட்டேன். "நெஞ்சழுத்தத்தப் பாரேன், கல்லு மாதிரி நிக்கா. அழுத்தக்காரி" என்பார். தெருவிலும் எனக்கு அதே பேர்தான். இங்கேயும் அதையே கேட்கிறார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன்.

"எனக்கு அழுத்தமெல்லாம் கிடையாது. கேட்டா பதில் சொல்லிருவேன்" என்றேன்.

"கிடையவே கிடையாதா?"

"கிடையாது."

எழுதிக்கொண்டார்.

"உங்க வாழ்க்கை உங்க கட்டுப்பாட்டுல இருக்கா?"

"ரெண்டாவது பிள்ளையோட ஆபரேஷன் பண்ணியாச்சு."

எனக்குப் பின்னால் காத்திருந்த உப்பளத்துக்காரி சிரித்துவிட்டாள். அவளுக்குக் காலில் கரப்பான். "ஏளா, அவிய கேக்கது அந்தக் கட்டுப்பாடு இல்லளா. வீட்டுல ஒன் பேச்சு எடுபடுதான்னு கேக்காவ."

"அத ஏன் தோலு பாக்க எடத்துல கேக்காவ?"

"எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டுல நாய்கூட எம் பேச்சக் கேக்காது. நான் அதத்தான் சொல்லப்போறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நேரமாகிறது என்றார். கவலை உண்டா, கோபம் வருமா, அழுகை வருமா என்று வரிசையாகக் கேட்டார். முன்பின் தெரியாத பிள்ளையிடம் அதையெல்லாம் சொல்வதா? அதுவும் பின்னால் ஆள் நிற்கையில்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். தூக்கத்தைக் கேட்டபோது மட்டும், அரிப்பில் எங்கே தூக்கம் என்றேன். அரிப்பால் தூக்கம் கெடுவது இந்தக் கணக்கில் சேராதாம். அது உடம்பைச் சேர்ந்ததாம்.

ஒவ்வொரு பதிலுக்கும் போட்ட மார்க்கைக் கூட்டினார். "உங்களுக்கு ரொம்பக் கம்மிம்மா. நல்ல விஷயம்."

பாஸான மாதிரி இருந்தது. தோல் டாக்டரிடம் போனேன். அவர் மார்க்கைப் பார்த்தார்.

"மனசுல ஒண்ணும் இல்ல. அப்போ தண்ணியும் கையுறையும்தான் காரணம். அந்த வேலையை விட்டுருங்க."

சீட்டில் இரண்டையும் எழுதினார். தொத்தாது. ஈரத்தில் வேலை கூடாது.

"ஐயா, அந்த வேலைக்காகத்தான் இங்க வந்தேன்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா."

வெளியே வந்து உப்பளத்துக்காரியிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "மன அழுத்தம்னா மனசு பாரமா கெடக்கது, மூதி. நெஞ்சழுத்தம் இல்ல."

மனசு பாரத்துக்கா இந்தப் பேர் வைத்தார்கள்? பாரம் என்றே கேட்டிருக்கலாம். மறுபடி அந்த அறைக்குப் போனேன்.

"திருப்பிக் கேளுங்கம்மா. நான் வேற அழுத்தம்னு நெனச்சிட்டேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாம்மா. மாத்தி எழுதினா தப்பாயிரும்."

"இப்ப எழுதியிருக்கதுதாம்மா தப்பு."

என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கம்பெனியில் சூப்பர்வைசர் சீட்டைப் படித்தார்.

"தொத்தாதுன்னு போட்டிருக்கு. ஈரத்துல கை வைக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு. நான் எதைப் பாக்க?"

"மேல உள்ளதப் பாருங்க தம்பி."

"ரெண்டுக்கும் கீழ ஒரே கையெழுத்துதான யக்கா."

டேபிள் பக்கம் விடவில்லை. பிறகு பஸ் ஏறினேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கை ஆறவில்லை, முன்னைவிட மோசம். பாத்திரம், துணி, மீன் கழுவுவது எல்லாம் என் கைதான். அதற்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை.