ஸ்கேன் அறையில் நான் நனையவில்லை

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

காலையில் அம்பத்தூரில் எனக்கு சி.டி. ஸ்கேன். படம் தெளிவாக விழ அயோடின் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள்.

"உடம்பு சூடாகும் சார். ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க," என்றார் நர்ஸ். அப்படியேதான் இருந்தது. எழுந்ததும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

வெளியே அடுத்த ஆள், என் எதிர்வீட்டுக்காரர். கார் நிறுத்தும் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. பயத்தில் அவரே கேட்டார்: "அண்ணாத்தே, உள்ள இன்னா பண்றாங்க?"

பழைய கோபம். "ஊசி போட்டதும் எனக்கு ஒண்ணுக்கே போயிடுச்சு," என்றேன்.

அரை மணியில் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "எனக்கு ஒண்ணும் ஆவல அண்ணாத்தே. பாவம், உனக்குத்தான்!"

மதியத்துக்குள் மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பால் கடைக்காரர்கூட, "இப்ப பரவால்லயா சார்?" என்கிறார்.

இந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் தயவுசெய்து சாட்சி சொல்லுங்கள்.

பெயர் போடவில்லை. போட்டால் யாரென்று தெரிந்துவிடும்.