ஒல்லாந்தன் போகாத ஞாயிற்றுக்கிழமை

வட்டக்கச்சி அரியம் அண்ணை இன்று விடியப் போய்விட்டார்... மகன்தான் போன் எடுத்துச் சொன்னான்.

எண்பத்தைந்து வயது. நேற்று இரவும் இரண்டு தோசை சாப்பிட்டவராம்.

இப்போதுள்ளவர்களுக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளில் எங்கள் விவசாயக் குடியேற்றக் கொலனி டீமின் சென்டர் போர்வேர்ட். ஆறடி உயரம், பூனைக்கண், வெள்ளைத் தோல். அதனால் ஊரில் வைத்த பட்டம் ஒல்லாந்தன், டச்சுக்காரன்.

நான் லெஃப்ட் விங். அவருக்குப் பந்து கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

கொக்கிளாயில் ஒரு மேட்ச். எங்களுக்குப் பெனால்டி. அண்ணை நேரே கோலியிடம் போய், "தம்பி, வலப்பக்கம்தான் அடிக்கப்போறன், பிடியுங்கோ" என்றார்.

அவன் நம்பவில்லை. இடப்பக்கம் பாய்ந்தான். அடுத்த வருடமும் அதே கோலி, அதே கதை... அப்போதும் நம்பவில்லை!

பிறகு வீட்டுக்கு வீடு டீவி வந்தது. உலகக் கிண்ணத்தில் ஒல்லாந்தின் ஒரேஞ்ச் ஷேர்ட்காரர் விளையாடினால் நான் அவருக்குப் போன் எடுப்பேன். "அண்ணை, உங்கட ஆக்கள் வெல்லுறாங்கள்."

"ஓமடா. உன்னை மாதிரி ஒரு லெஃப்ட் விங் அவங்களிட்ட இல்லை, அதுதான் வெல்லுறாங்கள்."

சரி. சொல்ல வந்தது இது இல்லை.

ஒரு சிறுபோகம், கோடை நெல் விதைத்த காலம். யாழ்ப்பாணத்துப் பெரிய கிளப் ஒன்று அவரைக் கூப்பிட்டது. சனிக்கிழமை போய் விளையாடிக் காட்டினார், பிடித்துவிட்டது. அடுத்த வார ஞாயிறு மேட்சுக்கு வரச் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய வயலுக்குத் தண்ணீர் முறை. "நீங்கள் போங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்றவன் நான்தான்.

வாய்க்காலை வெட்டிவிட்டேன். பெடியள் பந்தோடு வந்தார்கள். பத்து நிமிடம் என்று போனவன் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டேன்.

தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் பாய்ந்தது. அந்த மனுசன் அன்று காலைதான் உரப் பசளை எறிந்திருந்தார். எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் எல்லோரையும் கூப்பிட்டார். என் ஐயா பக்கத்தில் நின்றார். எங்கள் வயலுக்கும் அந்த வாய்க்கால் தண்ணீர்தான், நான் என்று தெரிந்தால் அதுவும் போகும். நான் வாயே திறக்கவில்லை.

"நான்தான் திறந்துவிட்டுட்டுப் போனனான்" என்றார் அரியம் அண்ணை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தப் போகம் முழுக்க அவருக்குக் கடைசி முறை என்று தீர்ப்பு. எல்லோரும் பாய்ச்சி மிச்சம் வந்தால்தான் தண்ணீர். அது எப்போது வரும் என்று வாய்க்காலிலேயே காத்து நிற்க வேண்டும்.

ஞாயிறு மேட்ச் நேரம் அவர் மண்வெட்டியோடு அங்கேதான் நின்றார். "நான் நிக்கிறன் அண்ணை, நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ நிண்டது போதும். போய்ப் பந்தடி."

கிளப் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. அண்ணை இன்னும் பத்து வருடம் கொலனிக்கே விளையாடினார். நான் பந்து கொடுத்தேன், அவர் கோல் அடித்தார். அந்தக் கதையை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

ஊர் எடுத்தது. "தண்ணியை விட்டுட்டுப் பந்தடிக்கப் போனவன்" என்று அவரின் பிள்ளைகள் காதுபடவே சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையள், உங்கட அப்பா தண்ணியை விட்டுட்டுப் போகேல்லை. விட்டது நான்.

சொல்லிப்போட்டன் அண்ணை... போயிட்டு வாங்கோ.