பாதி மெமரி போதும்

விருதுநகரில் தீயணைப்பு வண்டிகளுக்குப் பாதை வரைபடம் தயாரித்தபோது பட்டாசு ஆலைகளைச் சோதிக்கும் தீயணைப்பு அதிகாரி ஒருவரைச் சந்தித்தேன். நெடிய பெண்மணி, எந்த அறையிலும் வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். அன்று வெம்பக்கோட்டையின் செயற்கைக்கோள் படத்தைத் திறக்கும்போதெல்லாம் என்னுடைய இலவச வரைபட மென்பொருள் உறைந்து நின்றது.

“மெமரி எம்புட்டு குடுத்திருக்கீக?” என்று கேட்டார்.

“இருக்கிறது முழுசும், மேடம்.”

“அப்புறம் கம்ப்யூட்டர் எப்படி மூச்சு விடும்? பாதியாக் குறைங்க. படத்தைத் துண்டு துண்டா எடுத்துக்கிடட்டும். பட்டாசு ரூம்ல மருந்தைக் குமிச்சு வைக்க நாங்க விடுவமா?”

சிரித்துக்கொண்டே குறைத்தேன். படம் மெதுவாக, ஆனால் நிற்காமல் தெளிந்தது. எம். புதுப்பட்டிக்கு வண்டி போகக் கண்மாய்க்கரையில் ஒரு குறுக்குப் பாதையும் தெரிந்தது.

அதன்மேல் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“அங்க பட்டாசு ஆலை தீப்பிடிச்ச அன்னைக்கு இது தெரியாமப் போச்சே,” என்றார்.

அந்தப் பாதையைச் சிவப்புக் கோடாக வரைந்து வரைபடத்தில் சேர்த்தேன்.