ஆலமரத்தில் எது எங்கள் மூட்டை?

கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வாடகைக்கு விடுவது என் வீட்டுக்காரரின் தொழில். அதை இழுக்கும் வெள்ளைக் குதிரை போன சித்திரையில் ஒரு விடிகாலை குட்டி போட்டது. நான் பெரணமல்லூரில் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். எத்தனையோ கன்று ஈன்றதைப் பார்த்தவளுக்குக் குதிரை மட்டும் என்ன பெரிதாக என்று நினைத்தேன். குட்டி நாலு காலையும் நாலு பக்கம் வைத்துத் தடுமாறி எழுந்து பால் குடித்தது. கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடியும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் புத்தி வேலை செய்தது.

மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் போட்டு ஆலமரத்தில் தொங்கவிட்டால் தாய்க்குப் பால் வற்றாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாய் வருவதற்குள் கட்டிவிட்டு வாருங்கள் என்று அவரை விரட்டினேன். முகம்கூடக் கழுவாமல் முள்ளிப்பட்டுச் சாலை ஆலமரத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

ஒன்பது மணிக்குப் போளூரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். குட்டியைப் பார்த்தார், தாயைத் தடவிக்கொடுத்தார், கொடி எங்கே என்று கேட்டார். குதிரைக்கு அது முழுதாக விழுந்ததா என்று விரித்துப் பார்க்க வேண்டுமாம். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் சீழ் பிடித்து, குளம்பில் சூடு ஏறி, தாய் செத்தே போகலாம் என்றார். வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன்.

"உங்கள யாருங்க இவ்ளோ ஜல்தியா கட்டச் சொன்னது?"

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு மருத்துவரிடம் திரும்பினார்.

"நானாதான் கட்டிட்டேன் சார். மாட்டுக்குக் கட்ற பயக்கம்."

மரத்தடிக்குப் போனால் ஏழெட்டு மூட்டைகள். எல்லாம் ஒரே மாதிரிச் சாக்கு, எல்லாம் கழிவுப் பட்டுநூலால் கட்டியவை. வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடும் எங்கள் ஊரில் கயிறு யார் தேடுகிறார்கள்? அவற்றில் மூன்று இன்னும் ஈரமாக இருந்தன. வீட்டுக்காரர் இந்தக் கிளை என்றார், இல்லை அந்தக் கிளை என்றார். மூன்றையும் இறக்கிப் பிரித்தோம். மாட்டுடையதில் பொத்தான் பொத்தானாக இருக்குமாம், குதிரையுடையதில் அது இருக்காதாம். கடைசி மூட்டைதான் எங்களுடையது. மருத்துவர் அதைக் கால்சட்டை மாதிரி விரித்தார். ஒரு காலின் நுனியைக் காணோம். சாக்கிலோ காக்கை கொத்திய ஓட்டை. காக்கை தின்றதா, உள்ளேயே தங்கிவிட்டதா? அவருக்கும் தெரியவில்லை.

கர்ப்பப்பையைக் கழுவி, ஊசி போட்டு, மூன்று நாள் குளம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். தொட்டேன். வெயில் சூடா, காய்ச்சல் சூடா, என் கைதான் கொதிக்கிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தடவை குளிர்ச்சியாக இருந்தது மறு தடவை சுட்டது. குட்டி பால் குடிக்கும்போதெல்லாம் அழுதேன். நாலாம் நாள் காலை தாய் கொள்ளுத் தொட்டியைக் காலியாக்கி, இன்னும் வேண்டுமென்று காலால் தட்டியது. இனி பயமில்லை என்று மருத்துவர் போனில் சொன்னார்.

குதிரைப் பாலை எங்கள் வீட்டில் யார் கறக்கப் போகிறார்கள்? எதற்குக் கட்டச் சொன்னேன் என்பது எனக்கே விளங்கவில்லை. வீட்டுக்காரர் ஏன் மருத்துவரிடம் அப்படிச் சொன்னார் என்பதும் விளங்கவில்லை. என்னைக் காப்பாற்றவா, இல்லை நான் கத்தியதில் தானாகத்தான் கட்டியதாக நம்பியே விட்டாரா? குட்டியைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், தன் முட்டாள்தனத்தால் தாயைச் சாகக் கொடுக்க இருந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். நான் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.