மாத்திரை வாங்க மட்டும் நேரில் வரணுமாம்

இந்த விதியை எழுதின புண்ணியவானே, கர்ப்பத்தைக் கலைக்கிற மாத்திரைக்காக நீங்க ஒரு நாளாவது கார் பிடிச்சு அலைஞ்சிருக்கீங்களா? டாக்டரோடு போனில் பேசலாமாம். வீட்டிலேயே விழுங்கலாமாம். கையில் வாங்க மட்டும் கிளினிக்குக்கு வரணுமாம், அதுவும் இந்தக் கொரோனா காலத்தில். இந்த வெளிநாட்டு ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவள் நான். சக டிரைவர்களே, நம்ம தொழிலில் சீட்டைத் துடைச்சிடலாம், பின்சீட்டில் கேட்டதைத் துடைக்க முடியாது.

வாரக் கணக்கு

அடுத்த பில்டிங் மதுரைப் பொண்ணு கூப்பிட்டாள். ஆபரேஷனில் பிறந்த குழந்தைக்கு ஏழு மாசம், அதற்குள் மறுபடியும். புருஷனுக்குக் கொரோனா, இவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பத்து வாரம் வரைக்கும் மாத்திரை தருவாங்க, எனக்கு அஞ்சுதான், புருஷன் தேறினதும் போய்க்கலாம் என்றாள்.

எதிலிருந்து எண்ணினாய் என்றேன். நாள் தள்ளினதிலிருந்தாம். நம்ம வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம். டாக்டர்களோ அதற்கு முந்தின மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவாங்க. அப்படிப் பார்த்தால் ஒன்பது முடிஞ்சாச்சு. அவள் போனில் கேட்டதுக்கு டாக்டரும் அதையே சொன்னாராம். திரும்ப என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாலு வாரத்தை நான் எங்கே தொலைச்சேன்?"

யாருடைய இடம்

கிளினிக்குக்கு நானே போன் போட்டேன். வீட்டில் கொரோனா இருந்தால் பதினாலு நாள் கழித்துத்தான் உள்ளே விடுவாங்களாம். அவளிடம் இருந்ததோ ஒரு வாரம். தபாலில் அனுப்புங்க என்றேன், சட்டம் விடாதாம். நாலு வார்த்தை கத்திவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, கோபம் எனக்கு, நாள் போவது அவளுக்கு.

மறுபடி போட்டேன். கோயம்பேட்டில் மூட்டை விலை பேசிப் பழகின குரலில் கேட்டேன், உங்க பார்க்கிங் லாட் யாருடையது? எங்களுதுதான் என்றாள் ரிசப்ஷன் பெண். அப்போ அதுவும் கிளினிக்தானே என்றேன். மேலே கேட்டுவிட்டு வந்து சொன்னாள்:

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. இறங்க வேண்டாம், கண்ணாடியை மட்டும் இறக்குங்க."

அரை நிமிஷம்

ஜனவரிக் குளிரில் நாலு கண்ணாடியையும் இறக்கி, ஹீட்டரை முழுசாக வைத்து ஓட்டினேன். எனக்கு சுகர் உண்டு, பயமில்லை என்றால் பொய். அவள் குழந்தையைக் காய்ச்சல்காரனிடமே விட்டுவிட்டு வந்திருந்தாள். வழி முழுக்கப் போனில் அது அழுதது.

கவுன் மாட்டின டாக்டர் வெளியே வந்து, கையெழுத்து வாங்கி, ஒரு காகிதப் பையை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனார். அவள் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இதைக் கையில் கொடுக்கத்தானா வரச் சொன்னாங்க?"

விதியை எழுதினவரே, இதுக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அந்த வரியை அடிச்சுட்டு மாத்திரையைத் தபாலில் அனுப்ப விடுங்க, இந்தச் சவாரிக் காசு போச்சேன்னு நான் அழ மாட்டேன்.